நிழற்படமும் நல்விமர்சனமும்

ஒருவர் தாம் எடுத்த நிழற்படத்தை மற்றொருவரிடம் நீட்டி, "எப்படி இருக்கிறது?" என்று கேட்கும்போது பெரும்பாலும் இரண்டு விடைகளுள் ஒன்றே கிடைக்கின்றது. "நல்ல வடிவாயிருக்கிறது" என்பது ஒன்று. "சரிவரவில்லை" என்பது மற்றொன்று. முதலாவது விடை கேட்டவரை மகிழ்விக்கின்றது, இரண்டாவது வருத்துகின்றது. ஆனால் இவ்விரண்டினாலும் படம் ஒரு நூலிழையேனும் திருந்துவதில்லை. புகழ்ந்தவர் நட்பைப் பார்த்தார்; பழித்தவர் தம் விருப்பு வெறுப்பைப் பார்த்தார். படமோ இன்னும் எவராலும் பார்க்கப்படாமலே இருக்கின்றது.

ஒரு முகத்தைக் கறுப்பு வெள்ளையில் எடுத்த படத்தை, பிறர் கூறும் நல்விமர்சனத்தின் துணைகொண்டு மேம்படுத்துவது எவ்வாறு என்பதே இன்றைய பேச்சின் பொருள். ஓய்வுநேரக் கலைஞருக்கு மட்டுமே உரிய சிறு விஷயம் என்று இதனை ஒதுக்கிவிடுதல் தகாது. யாழ்ப்பாணத்தில் ஒருவர் மறைந்தால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியையை ஒட்டி அவர் நினைவாக ஒரு சிறு நூல் அச்சிட்டு வழங்கும் வழக்கம் உண்டு. கல்வெட்டு என்றும் நினைவு மலர் என்றும் அதனைக் கூறுவர். அதன் முதற் பக்கத்தில் மறைந்தவரின் படம் இடம்பெற வேண்டும். அவ்வேளையில்தான் பல குடும்பங்கள் பெட்டிகளைத் திறந்து நல்ல படம் ஒன்றைத் தேடுகின்றன. அடையாள அட்டைக்கென எடுத்த படம் ஒன்று. யாரோ ஒருவரின் திருமணத்தில் மூன்றாம் வரிசையில் நின்ற படம் ஒன்று. எண்பது ஆண்டு வாழ்ந்த மனிதருக்கு எஞ்சியவை அவ்வளவே.

அவையும் எஞ்சாத வீடுகள் உண்டு. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் இரவு தொடங்கிய பேரிடப்பெயர்வில், வலிகாமத்து மக்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு தென்மராட்சிக்கும் அதற்கு அப்பாலும் சென்றனர். சுவரில் தொங்கிய படங்களைக் கழற்றுவதற்கு எல்லோருக்கும் நேரம் வாய்க்கவில்லை. திரும்பி வந்தபோது சில வீடுகளில் அச்சுவரே இருக்கவில்லை. இத்தகைய நாட்டில், இன்று எடுக்கப்படும் ஒரு முகத்தின் படம், நாளை பேரப்பிள்ளைகள் அம்மனிதரை அறிந்துகொள்வதற்குரிய ஒரே வாயிலாக அமையக்கூடும். ஆகவே, குறையுள்ள படத்தைப் பார்த்து, "நன்று, நன்று" என்று சொல்லிவிட்டுப் போவது பண்பாகாது. அது ஒருவகைப் புறக்கணிப்பேயாகும்.

விமர்சனம் என்னும் சொல் பலரை அச்சுறுத்துகின்றது. குற்றம் காணுதல் என்றே அதற்குப் பொருள் கொள்கின்றனர். அச்சொல்லின் வடமொழி வேரை நோக்கினால் உண்மை வேறாக இருக்கின்றது. தொடுதல், தடவிப் பார்த்தல், அவ்வழியே ஆராய்தல் என்பனவே அவ்வேரின் பொருள். வைத்தியர் நோயாளியின் கையைத் தொட்டு நாடி பார்ப்பதை எவரும் தாக்குதல் என்று கருதுவதில்லை அன்றோ? விமர்சனமும் அத்தன்மைத்தே.

வலிகாமத்தின் கிழக்கே உள்ள அச்சுவேலிக்கும் இச்சொல்லுக்கும் ஓர் உறவு உண்டு. நல்லூர்ச் சுவாமி ஞானப்பிரகாசர் 1928ஆம் ஆண்டு 'யாழ்ப்பாண வைபவ விமர்சனம்' என்னும் நூலை வெளியிட்டார். அந்நூல் அச்சானது அச்சுவேலி ஞானப்பிரகாச யந்திரசாலையில். ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் இயற்றிய யாழ்ப்பாண வைபவமாலை கூறும் செய்திகளை வேறு சான்றுகளோடு ஒப்பிட்டு, ஏற்கத்தக்கது எது, ஏற்கத்தகாதது எது என்று பிரித்தறிய முயன்ற நூல் அது. முன்னோர் நூல் என்பதற்காக அதனைக் கும்பிட்டு நிற்கவும் இல்லை. பிழையுள்ள நூல் என்பதற்காகத் தூக்கி எறியவும் இல்லை. தொட்டுப் பார்த்து, பிரித்துச் சொன்னார். ஒரு வரலாற்று நூலுக்குச் செய்யத்தக்க இப்பணி ஒரு நிழற்படத்துக்கும் செய்யத்தக்கதே.

நிழற்பட வரலாற்றில் இதற்குச் சிறந்ததோர் எடுத்துக்காட்டு உண்டு. அவ்வரலாற்றின் முடிவு நம் இலங்கை மண்ணிலேயே நிகழ்ந்தது என்பது பலர் அறியாதது. 1833ஆம் ஆண்டு இலங்கையின் ஆட்சிமுறையை மாற்றியமைத்த கோல்புறூக் – கமறன் சீர்திருத்தத்தைப் பாடசாலை மாணவர் அனைவரும் படித்திருப்பர். அந்தக் கமறனுடைய மனைவியாரே ஜூலியா மார்கிரட் கமறன் அம்மையார். 1815ஆம் ஆண்டு கல்கத்தாவிற் பிறந்தவர். இங்கிலாந்தின் வைட் தீவில் வாழ்ந்த காலத்தில், 1863ஆம் ஆண்டு இறுதியில், மகளும் மருமகனும் அவருக்கு ஒரு கமராவைப் பரிசாக அளித்தனர். அப்போது அவருக்கு வயது நாற்பத்தெட்டு. நிலக்கரி வைக்கும் அறையை இருட்டறையாக்கினார். கோழிகளை வெளியே விட்டுக் கண்ணாடி வேய்ந்த கோழிக்கூட்டைப் படம் பிடிக்கும் கூடமாக்கினார். சில ஆண்டுகளுக்குள் டெனிசன், டார்வின் முதலிய பெரியோரின் முகங்கள் அவர் கமராவுக்கு முன் வந்து அமர்ந்தன.

அவருக்கு இருவகை விமர்சகர் வாய்த்தனர். ஒரு சாரார் அக்கால நிழற்பட ஏடுகளில் எழுதியவர்கள். படங்கள் துலக்கமாக இல்லை. கண்ணாடித் தட்டுகளில் கறையும் கீறலும் விரலடையாளமும் தெரிகின்றன. இவ்வம்மையாருக்குக் கமராவைக் கையாளத் தெரியவில்லை என்பது அவர்கள் தீர்ப்பு. இத்தீர்ப்பில் உண்மை இல்லாமலில்லை. கறை கறைதான், கீறல் கீறல்தான். ஆனால் துலக்கமின்மை அத்தகையதன்று. லென்சைத் திருகிக்கொண்டு வரும்போது தம் கண்ணுக்கு அழகு தோன்றிய இடத்தில் அம்மையார் அறிந்தே நிறுத்திக்கொண்டார். கைத்தவறு ஒன்றையும் கருதிச் செய்த தேர்வு ஒன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி எறிந்ததே அவ்விமர்சகர் செய்த பிழை.

மற்றொரு சாரார் இருவர். ஒருவர் ஓவியர் ஜோர்ஜ் வொட்ஸ். மற்றவர் அறிவியலறிஞர் சேர் ஜோன் ஹேர்ஷல். அம்மையார் தம் படங்களை வொட்ஸுக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பதுண்டு. அட்டையில் ஒட்டிய விலையுயர்ந்த பிரதிகளைத் தமக்கு அனுப்ப வேண்டாம் என்றும், குறைபட்ட, ஒட்டப்படாத பிரதிகளே கருத்துக் கூறப் போதுமென்றும் வொட்ஸ் எழுதினார். இது சிந்திக்கத்தக்கது. நாம் பிறரிடம் காட்டுவதற்கு நம்முடைய மிகச் சிறந்த படத்தையே தேடுகின்றோம். ஏனெனில் நாம் நாடுவது புகழ். வொட்ஸ் கேட்டதோ குறைபட்டதை. ஏனெனில் அவர் தர விரும்பியது உதவி.

ஹேர்ஷல் பெருமகனார் நிழற்படக் கலைக்கே தந்தையர் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர். கமரா பதித்த உருவம் மேலும் ஒளிபட்டுக் கறுத்துவிடாமல் நிலைப்படுத்தும் ஹைப்போ என்னும் உப்பின் இயல்பை 1819இலேயே கண்டவர். படிகளுக்கு நெகட்டிவ், பொசிட்டிவ் என்று பெயர் வழங்கியவரும் அவரே. அத்தகையவர், கமராவைப் புதிதாகக் கையிலெடுத்த ஒரு பெண்மணியின் படங்களைப் பொறுமையோடு பார்த்தார். எது உயிர்பெற்றிருக்கின்றது என்று எழுதினார். கையிலுள்ள வெள்ளிக் கறையைப் போக்கப் பயன்படுத்திய சயனைட்டு நஞ்சு பற்றியும் எச்சரித்தார். 1867ஆம் ஆண்டு அம்மையார் அவர் இல்லத்துக்கே சென்று அவரைப் படமெடுத்தார். தலையைக் கழுவச் செய்து, நரைத்த முடியைக் கலைத்துவிட்டு, பின்னணி முழுவதையும் இருளாக்கி, ஒளியை முகத்தில் மட்டும் விழச்செய்து எடுத்த அப்படம், உலகின் தலைசிறந்த முகப்படங்களுள் ஒன்றாக இன்றும் கருதப்படுகின்றது.

அம்மையார் விமர்சனத்தை ஏற்ற முறையும் கவனிக்கத்தக்கது. 1869ஆம் ஆண்டு தம் கண்ணாடித் தட்டுகளின் மேற்பூச்சு வெடித்துக் கெடுவதைக் கண்டபோது, இலண்டன் நிழற்படச் சங்கத்தாரிடம் காரணம் கேட்டவர் அவரே. ஏளனம் செய்தவர்கள் உள்ள இடம் என்று கருதி ஒதுங்கவில்லை. ஆனால் மென்மையான துலக்கத்தை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. கைத்தொழிலின் குறையைத் திருத்திக்கொள்ள முயன்றார். தமக்கேயுரிய பார்வையைக் காத்துக்கொண்டார். விமர்சனத்தைக் கேட்பவர் அறியவேண்டிய பாடம் இதில் முழுமையாக அடங்கியிருக்கின்றது.

1875ஆம் ஆண்டு கமறன் குடும்பத்தார் இலங்கைக்கு வந்தனர். இங்கே அம்மையார் எடுத்த படங்களுள் எஞ்சியவை மிகச் சிலவே. தாவரங்களை ஓவியமாகத் தீட்டிய மேரியன் நோர்த் என்னும் பெண்மணி களுத்துறையில் அவர் விருந்தினராகத் தங்கியபோது நடந்ததைத் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதிவைத்திருக்கின்றார். நண்பகல் வெயில், வெப்பமானி 96 பாகை பரனைற் காட்டுகின்றது, தலையிலே தென்னோலையின் கூர் குத்துகின்றது, ஓலையிடுக்கால் வரும் வெயில் கண்ணைக் கூசச்செய்கின்றது. இந்த நிலையில் இயல்பாக இருக்கும்படி அம்மையார் கேட்டாராம். இங்கிலாந்தின் மங்கிய ஒளியிற் பழகிய பெருங் கலைஞரும் நம் நாட்டு உச்சிவெயிலின் முன் இடர்ப்பட்டார். 1879ஆம் ஆண்டு அவர் இங்கேயே காலமானார். பொகவந்தலாவைத் தேவாலய வளவில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் இடர்ப்பட்ட அதே வெயில்தான் அச்சுவேலியிலும் காய்கின்றது. அங்கே ஓர் இளைஞன் தன் அப்பப்பாவைக் கறுப்பு வெள்ளையிற் படமெடுத்தான் என்று வைத்துக்கொள்வோம். முதியவருக்கு வயது எண்பத்தைந்து. செம்மண் தோட்டத்தில் புகையிலையும் வெங்காயமும் செய்தவர். இளமையில் துலா மிதித்தவர். காலை பதினொரு மணிக்கு முற்றத்தில் நாற்காலி போட்டு, சலவை வேட்டியும் சால்வையும் அணிவித்து அவரை இருத்தி, கைத்தொலைபேசியை முகத்தருகே கொண்டுபோய்ப் படம் எடுத்தாயிற்று. அயலார் வடிவாயிருக்கிறது என்றனர். மைத்துனன் ஒருவன், "ஆள் கறுத்துப் போனார்" என்றான். இளைஞன் அவ்வூரில் ஓய்வுபெற்றிருந்த சித்திர ஆசிரியரிடம் படத்தைக் கொண்டுபோனான்.

"இந்தப் படம் எதற்கு, தம்பி?" என்பதே ஆசிரியரின் முதற் கேள்வி.

"வீட்டில் மாட்டுவதற்கு, சேர். கனடாவிலுள்ள அத்தைக்கும் அனுப்ப வேணும்."

"அப்படியென்றால் அத்தை தகப்பனுடைய முகத்தைப் பார்க்க வேணும். இதில் அவ முதலில் பார்க்கப்போவது வேட்டியைத்தான்."

நோக்கத்தைக் கேளாமற் கூறும் விமர்சனம் குறியில்லாமல் எறியும் கல்லுக்கு ஒப்பாகும். அடையாள அட்டைக்கான படத்துக்கு நன்மையானது, சுவரில் மாட்டும் படத்துக்குத் தீமையாகலாம். நோக்கம் தெரிந்தபின் ஆசிரியர் படத்தில் நன்றாயிருப்பதைக் கூறினார். தலையைச் சற்றுப் பக்கம் திருப்பியது நன்று. அதனால் தாடையின் உறுதி தெரிகின்றது. இதனை மாற்றாதே என்றார். புகழ்ச்சியும் இவ்வாறு இடஞ்சுட்டி நிற்றல் வேண்டும். எதைக் காக்க வேண்டும் என்று அறியாதவன், திருத்தப் புகுந்து உள்ளதையும் கெடுத்துவிடுவான்.

பிறகு குறைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். முதலாவது ஒளி. யாழ்ப்பாணத்தில் பதினொரு மணிக்கெல்லாம் சூரியன் தலைக்கு மேலே ஏறிவிடுகின்றான். நெற்றி வெளுத்து, கண்கள் இரண்டும் இருண்ட குழிகளாகி, மூக்கின் கீழே கறுத்த நிழல் விழுந்துவிடுகின்றது. இதற்கு மருந்து விலைகொடுத்து வாங்கும் விளக்கன்று. முதியவரை விறாந்தையின் ஓரத்துக்கு, கூரை நிழல் முடிந்து வெளிச்சம் தொடங்கும் இடத்துக்குக் கொண்டுவந்து, வெளியைப் பார்த்து இருத்தினாற் போதும். வானத்தின் பரந்த ஒளி முன்னிருந்து வரும். முகத்தின் ஒரு பக்கம் அளவுக்கு மேல் இருண்டால், அப்பக்கத்தில் ஒரு வெள்ளை வேட்டியைக் கொடியில் விரித்துவிட்டால், அது ஒளியைத் திருப்பி அனுப்பும். கண்மணியிலே ஒளிப்பொட்டு ஒன்று தோன்றும். அப்பொட்டு இல்லாத கண் உயிரற்றுத் தோன்றும்.

இரண்டாவது, முகம் கறுத்தமை. மைத்துனன் கண்டது உண்மைதான். ஆனால் காரணத்தை அவன் அறியவில்லை. கமராவின் ஒளிமானி பொதுவாகத் தன் முன்னுள்ள காட்சியை நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரவே கணக்கிடுகின்றது. காட்சியிற் பெரும்பகுதி சலவை வேட்டியானால், ஒளி மிகுதி என்று மயங்கி அதனைக் குறைத்துவிடுகின்றது. வேட்டி சாம்பலாகின்றது, முகம் கரியாகின்றது. ஒளியை முகத்தில் அளக்க வேண்டும். கைத்தொலைபேசியானால் திரையிற் தெரியும் முகத்தை விரலால் தொட்டு, அங்கே அளக்கச் செய்யலாம். ஆயினும், வேட்டியின் மடிப்புகள் முற்றாக வெளுத்துப் போகாதவாறும் பார்த்துக்கொள்ளுதல் வேண்டும். இத்தகைய கமராவில் முற்றாக வெளுத்த இடம் மீள்வதில்லை. பிலிம் சுருளிலோ, ஒளியே படாத நிழலிடம்தான் மீளாதது.

மூன்றாவது தூரம். கைத்தொலைபேசியின் லென்சு பெரும்பாலும் அகன்ற பார்வையுடையது. அதனை ஒரு முழத் தூரத்திற் பிடித்தால் மூக்குப் பெருத்துக் காது சிறுத்து முகம் திரிந்துவிடும். ஐந்தாறு அடி பின்னே நின்று எடுத்து, வேண்டாத பகுதியைப் பின்னர் வெட்டிவிடலாம். நான்காவது பின்னணி. முதியவரின் தலைக்குப் பின்னால் ஒரு பனை நேரே எழுந்து, அவர் உச்சியில் முளைத்ததுபோல நிற்கின்றது. வண்ணத்தில் பனையின் நிறம் வேறு, முடியின் நிறம் வேறு. ஆகையாற் கண் பிரித்துக் காண்கின்றது. கறுப்பு வெள்ளையில் இரண்டும் ஒரே சாம்பலாகி ஒட்டிக்கொள்கின்றன. நிறத்தை நீக்கியபின் எது எதனோடு கலக்கும் என்று முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பதே இக்கலையின் தனித்தேர்ச்சி.

இவற்றைக் கூறிமுடித்த ஆசிரியர் மேலும் ஒன்று சொன்னார்: "இதிலே சிலவற்றை இந்தப் படத்திலேயே திருத்தலாம். முகத்தைச் சற்று வெளிச்சமாக்கலாம், ஓரத்தை இருளாக்கலாம், வெட்டலாம். ஆனால் கண்ணுக்குள்ளே ஒளியைப் பிறகு கொண்டுவந்து வைக்க ஏலாது. அதற்குத் திரும்ப எடுக்கத்தான் வேணும்." அச்சிடும்போது திருத்தத்தக்க குறை இது, மறுபடி எடுத்தாலன்றித் தீராத குறை இது என்று பிரித்துச் சொல்லாத விமர்சனம் பாதி விமர்சனமே. கேட்டவனுக்கு அடுத்தாற்போற் செய்யவேண்டிய வேலை எது என்று தெரிய வேண்டும்.

படத்தைத் திருத்தப் புகும்போது ஒரு பெரும் ஆபத்து வழியில் நிற்கின்றது. அது முகத்தை வெளுப்பாக்கும் ஆசை. கறுப்பு வெள்ளைப் படத்திலே தோலின் நிறம் சாம்பலின் ஒரு படியாகவே தோன்றும். எந்தப் படி என்பது கருவியையும் கையையும் பொறுத்தது. பழைய கண்ணாடித் தட்டுகள் நீல ஒளியையே மிகுதியாக உணர்ந்தன, சிவப்பை உணரவில்லை. மண்ணிறத் தோலிலிருந்து வருவதோ பெரிதும் செம்மை சார்ந்த ஒளி. ஆகவே நம் பூட்டனாரின் படங்களிலே முகங்கள் உள்ளதிலும் கறுத்து விழுந்தன. அதனை ஈடுசெய்ய ஸ்ரூடியோக்காரர் நெகட்டிவின்மேல் பென்சிலாற் தீட்டி, அச்சில் முகத்தை வெளுப்பாக்கினர். கருவியின் குறையைத் தீர்க்கத் தொடங்கிய அவ்வேலை, நாளடைவில் மனிதரின் நிறத்தையே குறையாகக் கருதும் வேலையாயிற்று. சுருக்கங்கள் மறைந்தன, கன்னங்கள் மாக்கல்லாயின, எல்லோரும் ஒரே முகத்தினராயினர்.

இன்று அவ்வேலையைக் கணினி ஒரு நொடியிற் செய்துவிடுகின்றது. வண்ணப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது சிவப்புக் கூறினைக் கூட்டினால் மண்ணிறத் தோல் வெளுக்கும், சுருக்கங்களும் மெலியும். நீலக் கூறினைக் கூட்டினால் தோல் மிகக் கறுத்துக் கோடுகள் ஆழமாகும். பச்சைக் கூறு இரண்டுக்கும் இடைப்பட்டது. எதனை எவ்வளவு கூட்டுவது என்பது வெறும் கைவித்தையன்று. எடுக்கப்பட்டவருக்கு நாம் காட்டும் மரியாதை பற்றிய கேள்வி அது. கருந்தோலுக்குள்ளேயே எண்ணற்ற ஒளிப்படிகள் உண்டு. நெற்றிமேட்டின் மினுமினுப்பு, கன்னக் குழியின் ஆழ்ந்த கருமை, இரண்டுக்கும் இடையே பட்டுப்போற் படரும் சாம்பல் ஆகியவற்றைக் காட்ட முடியும். கொழும்பிற் பிறந்த லயனல் வென்ற் என்னும் கலைஞர் அதனைச் செய்துகாட்டினார். அவர் 1944ஆம் ஆண்டு மறைந்தார். அவர் எடுத்த இலங்கைப் படங்களின் தொகுப்பு 1950இல் நூலாயிற்று. அதனைப் பார்ப்போர், நம் மக்களின் நிறத்தை அவர் மறைக்க முயலவில்லை, ஒளியால் வெளிப்படுத்தினார் என்பதைக் காண்பர்.

அச்சுவேலிப் படத்துக்கு இன்னும் ஒரு விமர்சகர் காத்திருந்தார். இளைஞன் ஆசிரியர் சொன்னபடியே விறாந்தையோரத்தில் மறுபடியும் படம் எடுத்தான். கண்ணில் ஒளி வந்தது, பனை மறைந்தது, முகம் துலங்கிற்று. அதனை அப்பம்மாவிடம் காட்டினான். கமராவின் நுட்பம் எதனையும் அறியாத அம்மூதாட்டி நெடுநேரம் பார்த்தார். பிறகு, "இது அவர்தான். ஆனால் இது ஆரோ பெரியாள் வந்திருக்கேக்கை இருக்கிற அவர். எங்களோடை இருக்கேக்கை இவர் இப்படிப் பார்க்கிறேல்லை. கையையும் காணேல்லை" என்றார்.

விமர்சனம் கற்றவருக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை. படத்தை அறிந்தவர் ஒருவர். முகத்தை அறிந்தவர் மற்றொருவர். ஒளியும் தூரமும் சரியாயிருக்கின்றனவா என்று முதல்வர் கூறலாம். அது அம்மனிதர்தானா என்று இரண்டாமவரே கூற முடியும். துலாவின் மேலும் மண்வெட்டியின் பிடியிலும் ஆறு தசாப்தங்கள் உழைத்த கைகள் படத்துக்கு வெளியே விடப்பட்டால், அவர் வாழ்வின் பாதி வெளியே விடப்பட்டதாகும். மூன்றாம் முறை அவ்விளைஞன் நாற்காலியை எடுத்துவிட்டான். அப்பப்பா வழக்கமாக இருக்கும் திண்ணையிலே, வழக்கமான நான்குமுழ வேட்டியோடு அவரை இருக்கவிட்டு, அப்பம்மாவை அருகே இருந்து கதைக்கும்படி கேட்டுக்கொண்டான். முதியவர் கைகளை முழங்காலில் வைத்தபடி மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அந்தக் கணத்திற் படம் விழுந்தது. அதிலும் சிறு குறை ஒன்று இருந்தது. ஒரு கைவிரல் அசைந்து மங்கியிருந்தது. ஆசிரியர் அதனைக் கண்டார். ஆயினும் அதனைத் திருத்தச் சொல்லவில்லை. எப்போது நிறுத்துவது என்று அறிதலும் விமர்சகரின் கடமைகளுள் ஒன்று.

நேயர்களே, இவற்றிலிருந்து சில நெறிகளை நாம் திரட்டிக்கொள்ளலாம். விமர்சனம் கூறுவோர் முதலில் படத்தின் நோக்கத்தைக் கேட்டறிதல் வேண்டும். நன்றாயிருப்பதை இடஞ்சுட்டிக் கூறுதல் வேண்டும். குறையைச் சொல்லும்போது அதன் காரணத்தையும், அது தீரும் வழியையும் சேர்த்துச் சொல்லுதல் வேண்டும். "உனக்குத் தெரியாது" என்று ஆளைச் சுட்டாமல், "இங்கே கண் இருண்டிருக்கிறது" என்று படத்தைச் சுட்டுதல் வேண்டும். ஒரே மூச்சிற் பத்துக் குறைகளைக் கொட்டாமல், எதைத் திருத்தினால் படம் பெரிதும் உயருமோ அதனை முதலிற் கூறுதல் வேண்டும். நாம் எடுத்திருந்தால் எப்படி எடுத்திருப்போம் என்பதை ஒதுக்கிவைத்து, அவர் எடுக்க முயன்றது எது என்பதைத் தேடுதல் வேண்டும்.

கேட்போருக்கும் கடமை உண்டு. "அன்றைக்கு வெயில் அப்படி, நேரம் அப்படி" என்று உடனே விளக்கம் கூறப் புகுந்தால், சொல்லவந்தவர் வாய் மூடிக்கொள்வார். படத்தின் பக்கத்தில் நின்று விளக்கம் சொல்ல நாம் எப்போதும் இருக்கப்போவதில்லை. படம் தனியாகத்தான் பேச வேண்டும். ஆகையாற் கேட்டுக்கொள்ளுதல் நன்று. கேட்டதெல்லாவற்றையும் செய்ய வேண்டும் என்பதில்லை. கமறன் அம்மையாரைப்போல, திருத்தத்தக்கதைத் திருத்தி, தமக்கேயுரியதைக் காத்தல் வேண்டும்.

அந்த அம்மையாரின் இலங்கைப் படங்களைப் பற்றி நாம் சொல்லத்தக்க விமர்சனம் ஒன்றும் உண்டு. இங்கிலாந்திலே அவர் எடுத்த பெரியோர் ஒவ்வொருவரும் பெயரோடு நிற்கின்றனர். 1878ஆம் ஆண்டு இங்கே எடுத்த ஒரு படமோ 'களுத்துறைக் குடியானவர் குழு' என்ற தலைப்போடு மட்டும் நிற்கின்றது. முகம் இருக்கின்றது, ஒளி இருக்கின்றது, பெயர் இல்லை. எத்துணைச் சிறந்த கைவண்ணமும் அக்குறையை நிரப்பமாட்டாது.

எனவே, ஒளியையும் நிழலையும் பின்னணியையும் ஆராய்ந்து முடித்தபின், நல்ல விமர்சகர் ஒருவர் கேட்கவேண்டிய கடைசிக் கேள்வி ஒன்று எஞ்சியிருக்கின்றது. இந்த முகத்துக்குரியவரின் பெயரும் ஊரும் படம் எடுத்த ஆண்டும் எங்கே எழுதப்பட்டிருக்கின்றன என்பதே அது. எழுதப்படாதிருந்தால், இன்றைக்கே ஒரு மென்பென்சிலை எடுத்து, படத்தின் பின்புறத்தில் அழுத்தாமல் எழுதிவைத்தல் நன்று.